எயார் சிலோன் முதல் ஸ்ரீலங்கன் வரை: அண்டை ஊர்களால் வாழும் ஒரு தேசிய விமான சேவை

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு வெளிவரும் ஒவ்வொரு தடவையும் நாட்டில் ஒரே விதமான பேச்சுத்தான் எழுகிறது. நட்டம் எத்தனை பில்லியன், அதற்குப் பொறுப்பாளி யார், நிறுவனத்தை விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விகளோடு அது அடங்கியும் விடுகிறது. அந்த விமானங்கள் எங்கே பறக்கின்றன, யாரை ஏற்றிச் செல்கின்றன, எந்தப் பறப்பில் காசு வருகிறது, எந்தப் பறப்பில் காசு போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த நிறுவனத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் நெடுங்காலமாக வாசித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. எயார் சிலோன், எயார் லங்கா, ஸ்ரீலங்கன் என்று பெயர் மாறி வந்தபோதும், 1947 முதல் நமது தேசிய விமான சேவைக்குச் சோறு போட்டவை பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இந்து சமுத்திரத்தைச் சுற்றியும் உள்ள அண்டை ஊர்களே. அதைக் கடனில் தள்ளியவை பெருமைக்காகக் கொழும்பில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள். இந்தக் கருத்துக்கான காரணங்களை வரலாற்றின் வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

இலங்கைக்கு வான்வழித் தொடர்பு தேசிய விமான சேவைக்கு முன்பே வந்துவிட்டது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் 1935இல் விமான நிலையம் பயன்பாட்டுக்கு வந்தது. 1938இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் தனது தபால் விமான சேவையை அங்கே வரை நீட்டியது. இரண்டாம் உலகப் போர் பலாலி, கட்டுநாயக்க ஆகிய இடங்களில் பிரித்தானிய விமானப்படைக்கான ஓடுபாதைகளை விட்டுச் சென்றது. போர் முடிந்தபோது டக்ளஸ் டிசி-3 ரகப் போக்குவரத்து விமானங்கள் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தன. ஓடுபாதை இருந்தது, விமானம் கிடைத்தது, அமைச்சரவையில் சேர் ஜோன் கொத்தலாவல போன்ற ஒருவர் அதற்காக முனைந்து நின்றார். சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதங்கள் இருக்கையிலேயே, 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அது காங்கேசன்துறை, அதாவது இன்றைய பலாலி வழியாக மெட்ராஸ் நகரைச் சென்றடைந்தது.

அந்த முதல் விமானங்களுக்கு விகாரமகாதேவி, சீதாதேவி, சுநேத்திராதேவி என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் டிசி-3 ரகத்தவை. மெட்ராஸில் படித்த என் பெரியப்பா அந்த ரக விமானத்தில் பயணம் செய்தவர். வால்பக்கத்தில் சிறு சக்கரம் இருந்ததால் தரையில் நிற்கும்போது டிசி-3இன் மூக்கு மேலே தூக்கியும் வால் தாழ்ந்தும் இருக்கும். பின்புறக் கதவால் ஏறிய பயணி இரண்டு பக்கத்து இருக்கைகளையும் பிடித்துக்கொண்டு, மேட்டில் ஏறுவதுபோல முன்னே நடந்துதான் தன் இடத்தை அடைய வேண்டும். விமானம் ஓடத் தொடங்கிச் சற்று வேகம் பிடித்ததும் வால் எழும்பி, தரை ஒருமுறை சமனாகும். அதற்குப் பிறகுதான் சக்கரங்கள் ஓடுபாதையை விட்டு எழும். உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி இல்லாததால் உயரப் பறக்க முடியாது. கடலின் நிறம் மாறுவதும் கோடிக்கரையின் மணற்கரை தெரிவதும் ஜன்னல் வழியே தெளிவாகத் தெரியும் என்று அவர் சொல்வார். யாழ்ப்பாணத்தவருக்கு அக்காலத்தில் மெட்ராஸ் என்பது படிக்கப் போகும் ஊர், வைத்தியத்துக்குப் போகும் ஊர், கல்யாணச் சேலை எடுக்கப் போகும் ஊர். அந்தத் தேவைகளின் மேல்தான் எயார் சிலோனின் முதல் சேவை அமைந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மறந்தவர்கள் இருந்தார்கள். சேவை தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் லண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 1949இல் ஆஸ்திரேலியன் நஷனல் எயார்வேஸ் நிறுவனம் 49 சதவீதப் பங்குடன் கூட்டாளியாகி, நான்கு எஞ்சின் டிசி-4 விமானங்களைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது. 1950களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் கே.எல்.எம். வந்தது, 1960களில் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. வந்தது, 1970களில் பிரான்ஸின் யூ.டி.ஏ. வந்தது. கூட்டாளி மாறும்போதெல்லாம் நெடுந்தூர விமானத்தின் ரகமும் மாறியது: கொன்ஸ்டலேஷன், கொமற், டிசி-8 என்று. வெளியே எயார் சிலோனின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் விமானம் இன்னொருவருடையது, பறப்பு அட்டவணை இன்னொருவருடையது, பெரும்பாலும் விமானியும் இன்னொருவருடைய ஆள். கூட்டாளிகளுக்குத் தேவைப்பட்டது கொழும்பு வழியாகப் பறக்கும் உரிமை. நமக்குத் தேவைப்பட்டது ஹீத்ரோவில் நம் கொடி. இரு பக்கத்தினரும் தாம் கேட்டதைப் பெற்றார்கள். ஆனால் சொந்தமாக ஒரு நெடுந்தூர சேவையை நடத்தும் அறிவு அந்த முப்பது ஆண்டுகளில் நம்மிடம் சேரவே இல்லை.

சொந்தமாக நடத்தியவை அண்டைய சேவைகள்தான். 1964இல் ஓர் அவ்ரோ 748 வந்தது. 1969இல் மூன்று எஞ்சின் கொண்ட ட்ரைடென்ட் ஜெட் விமானம் ஒன்று வந்தது. ஒரு ரகத்தில் ஒரே ஒரு விமானத்தை வைத்திருப்பது விமானத் தொழிலில் எவ்வளவு செலவான காரியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத் தனியே உதிரிப்பாகக் களஞ்சியம் வேண்டும், தனியே பயிற்சி பெற்ற விமானிகளும் பொறியியலாளர்களும் வேண்டும். அது பராமரிப்புக்குப் போகும் நாளில் பதிலுக்கு அனுப்ப வேறு விமானம் இல்லை. பயணிகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சிறிய விமான சேவைகளை இந்தக் கணக்கு உலகெங்கும் வீழ்த்தியிருக்கிறது.

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் தரித்து நின்றபோது குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் அதற்குப் பிறகு அதிக காலம் நீடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அது நடத்திய பயணிகள் சேவையும் அதோடு போனது. அந்த இழப்பின் நீளத்தை அப்போது யாரும் கணித்திருக்க மாட்டார்கள்.

ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பழையதைத் திருத்தாமல் புதிதாகத் தொடங்கியது. எயார் லங்கா 1979 ஜனவரியில் நிறுவப்பட்டு, செப்டெம்பர் 1ஆம் திகதி பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் இரண்டு போயிங் 707 விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்ததோடு, நிர்வாக உதவியும் பயிற்சியும் அளித்தது. எழுபது வருடக் கதையில் நல்ல தொடக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று இதுதான் என்பது என் எண்ணம். லொக்ஹீட் ட்ரைஸ்டார் விமானங்கள் வந்தன, கட்டுநாயக்கவில் பொறியியல் பிரிவு வளர்ந்தது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதால் சுற்றுலாப் பயணிகளும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவோரும் பெருகினார்கள். சேலையில் மயிலிறகு வடிவம் பதித்த பணிப்பெண்களின் வரவேற்பைப் பற்றி வெளிநாட்டவர்களும் நல்லவிதமாகப் பேசினார்கள். அந்த நற்பெயர் பின்னர் வந்த எல்லாக் குழப்பங்களையும் தாண்டி இன்றும் நிலைத்திருக்கிறது. விமானத்துக்குள் வேலை செய்யும் ஊழியர்களின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தக் காலத்திலும் குறை இருந்ததில்லை.

ஆனால் 1980களின் நடுப்பகுதியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு விஜய மன்னன், திஸ்ஸ மன்னன் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. நானூறு பேர் வரை ஏறக்கூடிய விமானத்தை நாளாந்தம் நிரப்புவதற்குக் கொழும்பின் சந்தை போதாது. அதிலும் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் பின்வாங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சில ஆண்டுகளிலேயே அவை போய்விட்டன. 1986 மே 3ஆம் திகதி, லண்டன் கட்விக்கிலிருந்து வந்து மாலைதீவின் மாலேக்குப் புறப்படவிருந்த ட்ரைஸ்டார் விமானம் ஒன்று, பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டுநாயக்கவில் குண்டு வெடித்து இரண்டாகப் பிளந்தது. 21 பேர் உயிரிழந்தார்கள். புறப்பாடு தாமதமானதால் வெடிப்பு தரையிலேயே நடந்தது. வானில் நடந்திருந்தால் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

1998இல் எமிரேட்ஸ் வந்தது. 40 சதவீதப் பங்கு, 70 மில்லியன் டொலர், பத்து ஆண்டுகளுக்கு நிர்வாகப் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் சாரம். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் பெயர் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று மாற்றப்பட்டது. ட்ரைஸ்டார்கள் விலகி எயார்பஸ் ஏ330 விமானங்கள் சேர்ந்தன. அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. தேசிய சொத்தை மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்றும், முக்கியமான சேவைகளைத் துபாய்க்குச் சாதகமாக அமைத்துக்கொண்டார்கள் என்றும் குறை கூறுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையில் உண்மையின் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அக்காலத்தில் நிறுவனம் எங்கே வளர்ந்தது என்று பாருங்கள்: இந்தியாவில். சென்னை, திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூர், மும்பை, டெல்லி என்று ஊர் ஊராகச் சேவை பெருகியது. தென்னிந்திய நகரங்களிலிருந்து புறப்படும் பயணி சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகக் கட்டுநாயக்கவில் விமானம் மாறுவான் என்ற எளிய கணக்கை எமிரேட்ஸ் நன்கு புரிந்துவைத்திருந்தது. துபாயை வளர்த்ததும் அதே கணக்குத்தானே.

2001 ஜூலை 24ஆம் திகதி அதிகாலையில் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தையும் சர்வதேச விமான நிலையத்தையும் தாக்கினார்கள். ஸ்ரீலங்கனின் இரண்டு ஏ330 விமானங்களும் ஒரு ஏ340 விமானமும் முற்றாக அழிந்தன. வேறு சில சேதமடைந்தன. ஓர் இரவுக்குள் பறக்கும் வலுவின் கிட்டத்தட்ட அரைவாசி இல்லாமல் போனது. அதன் பின்விளைவு எரிந்த விமானங்களோடு நிற்கவில்லை. இலங்கைக்கு வரும் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் பலமடங்கு உயர்ந்தது. ஏழு வாரங்களில் நியூயோர்க் தாக்குதலும் நடந்ததால் உலகப் பயணமே சுருங்கியது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுருங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் நிறுவனம் எழுந்து நின்றது. எஞ்சியிருந்த விமானங்களைக் கொண்டு குறுந்தூரச் சேவைகளைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் பெரியவற்றைச் சேர்த்தார்கள். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதும் தாக்குப்பிடித்தார்கள்.

குண்டுகளால் முடியாததை ஒரு கையெழுத்து செய்தது. 2007 டிசெம்பரில், லண்டனிலிருந்து வரும் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்காக, நிரம்பிய விமானம் ஒன்றிலிருந்து பயணிகளை இறக்க நிறுவனம் மறுத்தது. பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. 2010இல் தன் பங்கையும் ஏறத்தாழ 53 மில்லியன் டொலருக்கு அரசாங்கத்திடமே விற்றுவிட்டது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனை எழுப்பி வேறொருவரை உட்கார வைக்க முடியாது என்ற விதி ஒரு விமான சேவையின் அடிப்படை ஒழுங்கு. அதைக் காத்ததற்காக ஒரு நிர்வாகம் வெளியேற நேர்ந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது.

அடுத்துவந்த ஆண்டுகளை விரிவாக எழுத விருப்பமில்லை. பட்டியல் நீளமானது, தன்மை ஒன்றுதான். 2007இல் மிஹின் லங்கா என்ற மலிவுக் கட்டணச் சேவையை அரசாங்கம் தொடங்கி, தன் விமான சேவைக்குத் தானே போட்டியை உண்டாக்கியது. 2016இல் அதுவும் அதன் கடன்களோடு வந்து சேர்ந்தது. 2013இல் அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தளையில் விமான நிலையம் திறக்கப்பட்டு, அங்கே இரண்டாவது தளம் நடத்தும்படி நிறுவனம் பணிக்கப்பட்டது. ஏற ஆளில்லாத அந்தச் சேவை 2015 ஜனவரியில் அரசாங்கம் மாறியவுடன் நிறுத்தப்பட்டது. 2013இல் ஆறு ஏ330-300, நான்கு ஏ350 விமானங்களுக்கு எயார்பஸ் நிறுவனத்திடம் கட்டளை கொடுக்கப்பட்டது. பிற்பாடு ஏ350 குத்தகை ஒப்பந்தங்களை முறித்துக்கொள்ள ஏறத்தாழ 98 மில்லியன் டொலர் செலுத்த வேண்டிவந்தது. ஒரு தடவையேனும் பறக்காத விமானங்களுக்காகக் கொடுத்த பணம் அது. 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க அதிகாரிகளுடன் செய்துகொண்ட இணக்கத்தின்போது, இலஞ்சம் தொடர்பாகப் பிரித்தானிய ஆவணத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது.

இனி, இந்த நிறுவனம் நாளாந்தம் எப்படி ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.

கொழும்பு-சென்னைப் பறப்பு நேரம் ஒன்றேகால் மணிக்குச் சற்று அதிகம். ஏ320 குடும்பத்து விமானம் ஒன்று சென்னையில் இறங்கி, ஒரு மணி நேரம் போல நின்று, திரும்பவும் கட்டுநாயக்க வந்து, அன்றே மாலேக்கோ திருச்சிக்கோ வேறு எங்காவதோ போகும். விமானம் வானில் இருக்கும்போதுதான் சம்பாதிக்கிறது. தரையில் நிற்கும் நேரத்துக்கும் குத்தகைப் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தத் தரிப்பு நேரத்தில் நடப்பவற்றைப் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்ததும் முன்கதவில் பயணிகள் இறங்குகிறார்கள். மறுபக்கத்தில் உணவு வண்டி தன் பெட்டியை உயர்த்திக் கதவோடு பொருந்தி நிற்கிறது. வயிற்றுப் பகுதியில் பயணப்பொதிகள் இறங்குகின்றன. இறக்கைக்குக் கீழே எரிபொருள் பவுசர் குழாயைப் பொருத்துகிறது. துப்புரவாளர்கள் பின்வரிசையிலிருந்து முன்னோக்கி வருகிறார்கள். விமானி ஒருவர் கீழே இறங்கி, சக்கரத்தின் தேய்மானத்தையும் எஞ்சின் விசிறித் தகடுகளையும் சுற்றிவந்து பார்க்கிறார். இவற்றில் ஒன்று பத்து நிமிடம் பிந்தினால் மாலையில் மாலேக்குப் போகிறவர் அரை மணி நேரம் பிந்துவார்.

அந்த விமானத்தில் ஏறுபவர்கள் யார்? தியாகராய நகரில் கல்யாண உடுப்பு எடுத்துத் திரும்பும் குடும்பங்கள், சென்னை மருத்துவமனைக்குப் போய்வரும் முதியவர்கள், பொதி பொதியாகத் துணி கொண்டுவரும் வியாபாரிகள், திருப்பதிக்கும் சபரிமலைக்கும் போகும் அடியார்கள், புத்தகயாவுக்குப் போகும் வெள்ளுடை தரித்த பௌத்த யாத்திரிகர்கள். இவர்களோடு, சென்னையிலிருந்து கொழும்பு வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியப் பயணிகளும் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்ப்பதற்காகவே கட்டுநாயக்க அட்டவணை அலை அலையாக அமைக்கப்படுகிறது: இந்திய நகரங்களிலிருந்தும் மாலேயிலிருந்தும் வரும் விமானங்கள் ஒரே பொழுதில் இறங்க, சற்று இடைவெளி விட்டு லண்டன், மெல்பேர்ண், சிங்கப்பூர், வளைகுடா நகரங்களுக்கான விமானங்கள் புறப்படும். லண்டன் விமானத்துக்கும் மெல்பேர்ண் விமானத்துக்கும் புலம்பெயர்ந்த நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆண்டு முழுவதும் அவற்றை நிரப்ப அது போதாது. சிறிய விமானங்கள் கொண்டுவந்து சேர்க்கும் பயணிகளே மிச்ச இடத்தை நிரப்புகிறார்கள். குறுந்தூரச் சேவை இல்லாமல் நெடுந்தூரச் சேவை நிற்காது. இந்தியாவே ஸ்ரீலங்கனின் மிகப் பெரிய சந்தையாக இருப்பதற்குக் காரணம் இந்த அமைப்பு.

பறப்பதற்கு வெளியிலும் வருமானம் இருக்கிறது. கட்டுநாயக்கவுக்கு வரும் வெளிநாட்டு விமானங்களின் பயணப்பொதி, படிக்கட்டு, பயணிகள் பதிவு முதலான தரைக் கையாளுகை முழுவதும் ஸ்ரீலங்கனின் கையில் இருக்கிறது. அவற்றுக்கு உணவு வழங்கும் ஸ்ரீலங்கன் கேட்டரிங் நல்ல இலாபம் ஈட்டும் துணை நிறுவனம். பொறியியல் பிரிவுக்கு ஐரோப்பிய அங்கீகாரம் உண்டு. பிற சேவைகளின் விமானங்களையும் அது பராமரிக்கிறது. எழுபது ஆண்டுகளில் உண்மையாகச் சேர்ந்த சொத்து என்று நான் கருதுவது இந்தத் தரைத் தொழில்களையும் அவற்றை அறிந்த ஊழியர்களையும்தான்.

செலவுப் பக்கம் வேறு விதமானது. விமானக் குத்தகை, எரிபொருள், எஞ்சின் பராமரிப்பு, காப்புறுதி ஆகிய பெரிய செலவுகள் எல்லாம் டொலரில். சம்பளமும் சில்லறைச் செலவும் மட்டுமே ரூபாவில். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை போனபோது, டொலர்க் கடன்களின் ரூபாப் பெறுமதி ஓரிரு மாதங்களில் ஒன்றேமுக்கால் மடங்காக வீங்கியது. அதே ஆண்டில் நாட்டில் விமான எரிபொருளே தட்டுப்பாடானது. கொழும்பில் போதிய எரிபொருள் நிரப்ப முடியாமல் நெடுந்தூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அதற்கு மேலதிக நேரமும் தரையிறங்கும் கட்டணமும் செலவானாலும் சேவை நிற்கவில்லை. அண்டை ஊர்கள் அந்தச் சேவையைக் காப்பாற்றியதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அரச வங்கிகளான இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும், எரிபொருளுக்காகப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் நிறுவனம் பெருங்கடன் பட்டிருந்தது. 2019இல் அரசாங்கப் பிணையுடன் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது அதைச் செலுத்த முடியவில்லை. இடையில் எஞ்சின் கிடைக்காமல் சில விமானங்கள் கட்டுநாயக்கவில் முடங்கிக் கிடந்தன; விமானிகள் வேறு நாடுகளுக்குப் போனார்கள். ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் விற்க முயன்றது. 2024 செப்டெம்பருக்குப் பிறகு வந்த அரசாங்கம் விற்பதில்லை, அரசிடமே வைத்துத் திருத்துவோம் என்று முடிவெடுத்தது. விற்பதை நான் கொள்கையளவில் எதிர்ப்பவன் அல்லன். வைத்திருப்பதையும் எதிர்ப்பவன் அல்லன். யாருடைய கையில் இருந்தாலும் எங்கே பறக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

இங்கே பலாலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் இந்தியாவின் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், அடுத்த ஆண்டு திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் ஏடிஆர் 72 ரக விசிறி விமானங்கள். நீண்ட ஓடுபாதை கேட்காத, எரிபொருள் குறைவாகக் குடிக்கும், எழுபது பேரளவில் ஏறும் அந்த விமானம் இந்தத் தூரத்துக்கு மிகப் பொருத்தமானது. ஸ்ரீலங்கனிடம் அப்படி ஒரு விமானம் இல்லை. அதனிடம் இருப்பவை எல்லாம் ஜெட் விமானங்கள். ஆகவே வடக்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் பயணியின் காசு இன்று இந்திய நிறுவனத்துக்குப் போகிறது. இதில் இந்திய நிறுவனத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நம் தேசிய சேவை இந்தத் தேவையைக் கணக்கில்கூட எடுக்கவில்லையே என்பதே என் ஆதங்கம்.

ஓரிரண்டு ஏடிஆர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ரகத்தில் ஒரே விமானம் வைத்திருப்பதன் தொல்லையை மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தும். குறைந்தது மூன்று நான்கு விமானங்களாவது குத்தகைக்கு எடுத்து, யாழ்ப்பாணத்தோடு மதுரை, திருச்சி, திருவனந்தபுரம் போன்ற குறுந்தூர ஊர்களையும் அவற்றாலேயே இணைத்தால், ஏ320 விமானங்கள் நீண்ட சேவைகளுக்கு மிச்சமாகும். இது இலாபம் தருமா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதே நான் கேட்பது. திறைசேரி பல தடவை கடனைத் தீர்த்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் நம்முடையது. ஒவ்வொரு சேவையும் சம்பாதித்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற விபரத்தை ஆண்டறிக்கையில் ஊர்வாரியாக அச்சிட்டு, புதிய சேவை தொடங்கும்போதும் விமானக் கட்டளை கொடுக்கும்போதும் அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன் முன்கூட்டியே வைக்கும்படி சட்டம் வர வேண்டும். மத்தளைச் சேவைக்கும் ஏ350 ஒப்பந்தத்துக்கும் அப்படி ஒரு கணக்கு முன்னரே மேசைக்கு வந்திருந்தால், அதைப் பார்த்த பிறகும் கையெழுத்திட எந்த அமைச்சரும் துணிந்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.